காகித வரைபடமா, டேப்லெட்டா? தனியாகப் பறக்கும் முதல் நெடும்பயணத்துக்கு

அமெரிக்காவில் தனியார் பைலட் உரிமம் வாங்க, ஒரு தடவையாவது மொத்தம் 150 கடல் மைல், அதாவது சுமார் 278 கிலோமீட்டர், பயிற்சியாளர் இல்லாமல் பறந்து மூன்று இடங்களில் இறங்கியாக வேண்டும். வழி பார்க்கக் காகித வரைபடமும் கடிகாரமும் இருக்கின்றன. ஜிபிஎஸ் உள்ள டேப்லெட்டும் இருக்கிறது. கலிபோர்னியாவின் மத்தியப் பள்ளத்தாக்கில் இரண்டையும் வைத்துப் பறந்திருக்கிறேன்.

டேப்லெட்டில் வேலை குறைவு. திரையில் தெரியும் கோட்டின் மேல் போனால் போதும். கட்டுப்பாட்டு வான்வெளியின், அதாவது விமானப் போக்குவரத்துக் கட்டுப்பாட்டாளர்கள் மேற்பார்வையில் இருக்கும் வான்பகுதியின், எல்லை நெருங்குவதும் உடனே தெரிந்துவிடும். இந்த விஷயத்தில் காகிதம் பக்கத்தில்கூட வராது. ஆனால் கோடை வெயிலில் சூடேறினால் திரை அணைந்துவிடும்.

காகிதம் என்றால் முந்தின இரவே உட்கார வேண்டும். 5 லட்சத்துக்கு 1 அளவு வரைபடத்தில் பென்சில் கோடு, பத்து மைலுக்கு ஒரு குறி, காற்றுக்குத் தகுந்த திசைத் திருத்தம், குறிக்குக் குறி நிமிடக் கணக்கு. திசை ஒரு டிகிரி பிசகினால் 60 மைல் போவதற்குள் ஒரு மைல் விலகிவிடுவோம். ஃப்ரெஸ்னோவுக்கு வடக்கே நெடுஞ்சாலை 99 சான் வாக்கின் ஆற்றைத் தாண்டும் பாலம், என் கணக்கைவிட இரண்டு நிமிடம் தாமதமாகத்தான் இறக்கைக்குக் கீழே வந்தது. எதிர்க்காற்று கூடிவிட்டது என்று புரிந்தது. முழங்காலில் கட்டியிருந்த பலகையில் எரிபொருள் கணக்கை அழித்துத் திருத்தி எழுதினேன். டேப்லெட்டும் வேகத்தைக் காட்டியிருக்கும், சரி. ஆனால் ஜன்னல் வழியே பார்த்து நானே கண்டுபிடித்தபோது வந்த தைரியம் வேறு.

முதல் பயணத்துக்கு என் ஓட்டு காகிதத்துக்குத்தான். டேப்லெட்டையும் கொண்டுபோங்கள், வெயில் படாத பக்கமாக வையுங்கள், வான்வெளி எல்லையைச் சரிபார்க்க மட்டும் எடுங்கள்.