ஆங்கிள்சியில் குளிர்காலக் கயாக் வாடகை: பணம் கட்டுமுன் கழுத்துப் பட்டையைப் பாருங்கள்

வேல்ஸின் ஆங்கிள்சி தீவில் பிப்ரவரி மாதம் தனியாகக் கடல் கயாக் (துடுப்பு போட்டு ஓட்டும் ஒல்லியான படகு) ஓட்டத் திட்டமிடுபவர்களுக்கு இது. அந்தப் பக்கத்து வாடகைக் கடை ஒன்று கயாக், டிரை சூட் (தண்ணீர் புகாத முழு உடை), ஸ்ப்ரே டெக் (உட்காரும் குழியை மூடும் இடுப்புத் துணி), அவசர பீக்கன் (ஆபத்தில் மீட்புக் குழுவுக்குச் சமிக்ஞை அனுப்பும் கருவி) எல்லாவற்றையும் சேர்த்து ‘தனிப்பயணத் தொகுப்பு’ என்று கொடுத்தது. அதில் மூன்று பொருட்கள் கடலில் இறக்கவே தகுதியில்லாதவை. போதாக்குறைக்கு, திருப்பிக் கொடுக்கும்போது அடிப்பக்கம் கீறல் என்று சொல்லி முன்பணத்தையும் பிடித்துக்கொண்டார்கள். கடையின் பெயரை விடுங்கள், பொருளைப் பார்க்கத் தெரிந்துகொள்ளுங்கள்.

‘டிரை சூட்’ என்று கொடுத்ததில் மணிக்கட்டுப் பட்டை லேடெக்ஸ் (மெல்லிய ரப்பர்), கழுத்துப் பட்டை நியோப்ரீன் (நுரை ரப்பர்). அது செமி டிரை, அதாவது முழுதாகத் தண்ணீரைத் தடுக்காதது. கவிழாமல் துடுப்பு போட்டுக்கொண்டிருக்கும்வரை வித்தியாசம் தெரியாது. கவிழ்ந்து தண்ணீரில் கிடந்தால் கழுத்து வழியே கசிந்து உள்ளே போட்ட கம்பளி நனையும். அந்த மாதத்தில் அங்கே கடல் ஏறத்தாழ 8 டிகிரி. விழுந்த முதல் ஓரிரு நிமிடம் மூச்சு கட்டுப்பாட்டில் இருக்காது. அடுத்த பத்து, பதினைந்து நிமிடங்களில் விரல்கள் வலுவிழக்கும். பேடில் ஃப்ளோட்டை (துடுப்பு நுனியில் மாட்டும் மிதவை) மாட்டிப் படகில் ஏற வேண்டியதும் அதே நேரத்தில்தான். லேடெக்ஸாகவே இருந்தாலும் மெல்ல இழுத்துப் பாருங்கள். மயிரிழை வெடிப்போ பிசுபிசுப்போ இருந்தால் வேண்டாம். வெயிலும் சன்ஸ்கிரீன் எண்ணெயும் அதை அரித்துவிட்டன என்று பொருள். சந்தேகமிருந்தால் கழுத்திலும் கைகளிலும் பாட்டில்களைச் செருகி ரப்பர் பேண்டால் கட்டி, ஜிப்பை மூடுமுன் காற்றை அடைத்து, தையல்களில் சோப்புத் தண்ணீர் தடவுங்கள். குமிழி வருகிற இடம் ஓட்டை. கடைக்காரர் முகம் சுளிப்பார், சுளிக்கட்டும்.

அதைவிட மோசம், கயாக்கின் காக்பிட்டையும் (உட்காரும் குழி) பின் அறையையும் பிரிக்கும் தடுப்புச் சுவர். ஓரத்தில் பூசிய சீலண்ட் (நீர் புகாமல் அடைக்கும் பசை) உரிந்திருந்தது. காக்பிட்டில் தண்ணீர் நிறைந்தாலும் படகு மிதப்பது முன்னும் பின்னும் அடைபட்ட காற்றால்தான். பின் அறைக்குள் தண்ணீர் புகுந்தால் வால் அமிழ்ந்து மூக்கு வானத்தைப் பார்க்கும். அப்படி நிற்கும் படகில் தனி ஆள் ஏறவே முடியாது. துணைக்கு இன்னொருவர் இருந்தாலே பெரும்பாடு. பின் அறையில் இரண்டு வாளி தண்ணீர் ஊற்றி, ஹேட்சை (அறையின் வாய்) மூடி, காக்பிட் பக்கம் சாய்த்து ஐந்து நிமிடம் வைத்தால் போதும். சில படகுகளில் அழுத்தத்தைச் சமன் செய்ய ஊசித்துளை விட்டிருப்பார்கள். அதன் வழியே சொட்டுவது சாதாரணம். சுவர் ஓரமாக வழிந்தால் படகை மாற்றச் சொல்லுங்கள். கையோடு ஸ்கெக்கை (படகு நேராகப் போக அடியில் இறங்கும் தகடு) இறக்கி ஏற்றிப் பாருங்கள், கூழாங்கல் சிக்கி இறங்காமல் போவது வழக்கம். ஸ்ப்ரே டெக்கையும் அதே படகின் விளிம்பில் மாட்டிப் பாருங்கள்.

பீக்கனின் பேட்டரி காலாவதி. பதிவும் வேறு யாரோ பெயரில். பீக்கன் அனுப்பும் 406 மெகாஹெர்ட்ஸ் சமிக்ஞை வந்ததும் மீட்பு மையம் பதிவில் உள்ள தொடர்பு எண்ணைத்தான் விசாரிக்கும், அந்த எண் பழையதென்றால் நேரம் வீணாகும். பிரிட்டனில் பதிவு இலவசம் என்பதால் சாக்குச் சொல்ல இடமில்லை. பீக்கனை ஹேட்சுக்குள் போடாமல் மிதவை ஜாக்கெட்டில் கட்டுங்கள். செங்குத்துப் பாறைக்கடியில் கைபேசியையோ வி.எச்.எஃப். ரேடியோவையோ மட்டும் நம்ப முடியாது.

‘கரையை ஒட்டியே போங்கள், பயமில்லை’ என்று கடையில் சொன்ன ஆலோசனையும் தவறு. பாறையில் மோதித் திரும்பும் அலை வரும் அலையோடு மோதி, திடீரென்று செங்குத்தாக எழும். சவுத் ஸ்டாக், பென்ரின் மாவர் முனைகளில் அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் ஓத நீரோட்டம் மணிக்கு 5, 6 கடல் மைல் வேகத்தில் துடுப்பு போடுபவரை எளிதாக இழுத்துப் போய்விடும். ஓத நேரம் பார்க்காமல் அந்த முனைகளை நெருங்க வேண்டாம்.

வாங்கும்போது நீட்டும் படிவத்தில் ‘பொருட்கள் நல்ல நிலையில் பெற்றேன்’ என்ற வரி இருக்கும். சோதிக்காமல் கையெழுத்துப் போட்டால் பிறகு அதையே காட்டுவார்கள். பிரிட்டனின் 2015ஆம் ஆண்டு நுகர்வோர் உரிமைச் சட்டம் வாடகைப் பொருளுக்கும் உண்டு: திருப்திகரமான தரத்தில், சொன்ன பயன்பாட்டுக்குத் தகுந்ததாக, விவரித்தபடி இருக்க வேண்டும். கடையின் அலட்சியத்தால் உயிரோ உடலோ பாதிக்கப்பட்டால் பொறுப்பில்லை என்று எழுதி வாங்கிய வரி செல்லாது. அடிப்பாகம், ஹேட்ச் மூடி, கழுத்துப் பட்டை, பீக்கனின் தேதி ஒட்டு நான்கையும் கடை வாசலிலேயே படமெடுத்து, அங்கேயே அவர்களுக்கு மின்னஞ்சலில் அனுப்பிவிடுங்கள். முன்பணத் தகராறில் அது கைகொடுக்கும்.