மோன் லூயி சூரிய உலை: வெயில் பார்த்துப் போங்கள்

பிரான்ஸில் பிரனீஸ் மலைப்பக்கம் போகிறவர்கள் அரை நாளை மோன் லூயி கோட்டைக்கு ஒதுக்குங்கள். 1949-இல் ஃபெலிக்ஸ் த்ரோம்ப் அமைத்த சூரிய உலை, அதாவது கண்ணாடிகளால் வெயிலை ஒரே இடத்தில் குவித்துப் பொருளைச் சூடாக்கும் அமைப்பு, அங்கேதான் இருக்கிறது, வழிகாட்டியோடு சுற்றிப் பார்க்கலாம்.

நான் போன முதல் நாள் ஒரே மேகம், மறுநாள் திரும்பப் போனேன், போனது நல்லதாயிற்று. வெயில் ஒன்றுசேரும் இடமான குவியத்தில் ஒரு மரக்கட்டையை நீட்டினார்கள், சத்தமே இல்லாமல் கண்மூடித் திறப்பதற்குள் தீப்பிடித்தது, கருகிய வாசனை எங்கள் பக்கம்வரை வந்தது.

எனக்கு அதைவிடப் பிடித்தது கண்ணாடிகளின் ஏற்பாடு. தட்டையான பெரிய கண்ணாடி சூரியனோடு திரும்பித் திரும்பி, எதிரே அசையாமல் நிற்கும் குழிக்கண்ணாடிக்கு வெயிலை அனுப்புகிறது, அதனால் குவியம் இடம் மாறுவதில்லை, சூடாக்க வேண்டிய பொருளை ஒரே இடத்தில் வைத்துவிடலாம். எளிமையான, அழகான யோசனை!

அப்புறம், பக்கத்திலேயே ஓதெய்யோ என்ற ஊரில் இன்னொரு பெரிய சூரிய உலை. 54 மீட்டர் உயரக் குழிக்கண்ணாடி, எதிரே சரிவில் 63 தட்டைக் கண்ணாடிகள், வெப்பம் 3,000 டிகிரிக்கு மேல். குழிக்கண்ணாடியிலிருந்து குவியம் வரையான குவியத்தூரம் 18 மீட்டர், சூரியனோ வானத்தில் அரை டிகிரி அகலம், ஆகவே கண்ணாடியை எவ்வளவு துல்லியமாகச் செய்தாலும் குவியத்தில் விழும் சூரியனின் பிம்பம் சுமார் 17 செ.மீ. அகலத்துக்குக் கீழே சுருங்காது. இதைத் தெரிந்துகொண்டு பார்த்தால் இன்னும் ரசிக்கும்.

குழந்தைகளைத் தாராளமாக அழைத்துப் போகலாம். கூலிங் கிளாஸ் கட்டாயம், வெளிச்சம் கண்ணைக் கூசவைக்கிறது.