இரண்டு பாலிசி, ஒரு விரல்: நகராட்சி வேலைக்கு எடுத்த டபிள்யூ.சி. இன்சூரன்ஸ்

எந்தக் கம்பெனி என்று கேட்டு யாரும் போன் போட வேண்டாம், பெயர் சொல்லப் போவதில்லை. ராமநாதபுரம் மாவட்டத்துக் கடற்கரையில் ஒரு நகராட்சிக்கு வாறுகால் தூர் வாருவது, அள்ளிய மண்ணையும் குப்பையையும் டிப்பரில் ஏற்றி அனுப்புவது என்று எட்டு ஆட்களை வைத்துச் சின்னதாகக் காண்ட்ராக்ட் செய்கிறேன். ஒர்க் ஆர்டர் கைக்கு வர வேண்டுமென்றால் டெபாசிட் ரசீது, ஒப்பந்தப் பத்திரம், கூடவே டபிள்யூ.சி. பாலிசி நகல் கொடுக்க வேண்டும். டபிள்யூ.சி. என்றால் வொர்க்மென்ஸ் காம்பன்சேஷன், வேலையில் ஆளுக்கு அடிபட்டால் முதலாளி கொடுக்க வேண்டிய நஷ்டஈடு. 1923ஆம் வருஷத்துச் சட்டம் அது. 2010இல் ‘வொர்க்மென்’ என்பதை எடுத்துவிட்டு ‘எம்ப்ளாயீஸ்’ என்று மாற்றினார்கள், ஆனாலும் ஏஜெண்டிலிருந்து ஆபீஸ் கிளார்க் வரைக்கும் இன்றைக்கும் அது டபிள்யூ.சி.தான்.

நகராட்சி இதை ஏன் கேட்கிறது என்று முதல் வருஷம் நான் யோசிக்கவே இல்லை, பைலில் கோர்க்க ஒரு காகிதம் என்றுதான் நினைத்தேன். அப்போதைய சட்டத்தின் 12ஆம் பிரிவுப்படி காண்ட்ராக்டரின் ஆளுக்கு அடிபட்டால் வேலையைக் கொடுத்த நகராட்சியிடமே அவர் நஷ்டஈடு கேட்கலாம், நகராட்சி கொடுத்துவிட்டு அப்புறம் என் கழுத்தில் துண்டைப் போட்டு வசூலிக்கும். அதுதான் காரணம்.

முதல் பாலிசியை 2023 ஏப்ரலில் டீக்கடையில் வைத்து எடுத்தேன், நிஜமாகவே டீக்கடையில். தனியார் கம்பெனி, தெரிந்த ஏஜெண்ட். “எத்தனை பேருண்ணே? எட்டா? சம்பளம் எட்டாயிரம்னு போட்டுக்கவா? பிரீமியம் கொறையும், எல்லாரும் அப்படித்தான் போடுறாங்க.” நான் ஆளுக்கு மாதம் 12,000 கொடுக்கிறேன். பன்னிரண்டு என்று போட்டால் ஜி.எஸ்.டி. சேர்த்து 9,300 ரூபாய், எட்டு என்று போட்டால் 6,200. மூவாயிரத்து நூறு ரூபாய் மிச்சம் என்று சந்தோஷமாகத் தலையாட்டினேன், டீக்கும் நான்தான் காசு கொடுத்தேன். சாயங்காலமே பாலிசி வாட்ஸ்அப்பில் வந்துவிட்டது, அந்த வேகத்துக்கு மட்டும் ஒரு ஸ்டார் கொடுக்கலாம்.

பதினோரு பக்கம். முதல் பக்கத்தை மட்டும் பிரிண்ட் எடுத்து நகராட்சியில் கொடுத்தேன், கிளார்க் தேதியைப் பார்த்தார், பெயரைப் பார்த்தார், பஞ்ச் பண்ணிக் கோர்த்துவிட்டார். சம்பளம் எழுதின கட்டம் ஆறாவது பக்கத்தில் இருந்தது.

எங்கள் பக்கம் இரும்புக்கு ஆயுள் கம்மி. உப்புக் காற்று உள்ளே போய் உட்கார்ந்துகொள்ளும், வெளியே பெயிண்ட் பளபளவென்று இருக்கும், நகத்தால் சுரண்டினால் பொரிமாவு மாதிரி உதிரும். டிப்பரின் பின்கதவைப் பிடித்து நிறுத்துகிற கொக்கி அப்படித்தான் இருந்தது. அதை நான் பார்த்திருக்கிறேன், மாற்ற வேண்டும் என்றும் நினைத்திருக்கிறேன், மாற்றவில்லை. அந்த நவம்பரில், வாடை இறங்கி மழை பிடித்த நேரம், காலை ஆறரை மணிக்கு மீன் மார்க்கெட்டுக்குப் பின்னால் சேறு ஏற்றிக்கொண்டிருந்தார்கள். மழையில் ஊறிய சேறு, ஒவ்வொரு சட்டியும் கனம். எங்கள் மேஸ்திரி, வயது நாற்பது, இடது கையைக் கதவு விளிம்பில் வைத்துக்கொண்டு வலது கையால் கொக்கியைத் தட்டியிருக்கிறார், கொக்கி முறிந்து கதவு இறங்கிவிட்டது. மனுஷன் கத்தக்கூட இல்லை. கையுறையைக் கழற்றப் போனவரை, “கழத்தாதீங்க, அப்படியே வைங்க” என்று டிரைவர்தான் சத்தம் போட்டுத் தடுத்தார். ஆள்காட்டி விரலின் மேல்கணு அந்தக் கையுறைக்குள்ளேயே கிடந்தது. ஆஸ்பத்திரியில் பார்த்துவிட்டு ஒட்ட வைக்க முடியாது என்று சொல்லிவிட்டார்கள்.

சரி, இன்சூரன்ஸ் இருக்கிறதே என்று ஏஜெண்டைக் கூப்பிட்டேன். முதல் நாள் எடுக்கவில்லை. இரண்டாம் நாள் “வாட்ஸ்அப்ல போட்டுட்டீங்கள்ல, போதும்ணே” என்றார். போதாது. கம்பெனி மெயிலுக்கு எழுத்துப்பூர்வமாகத் தகவல் போக வேண்டும், ஆஸ்பத்திரியில் ஏ.ஆர். காப்பி (விபத்துப் பதிவேட்டு நகல்) வாங்க வேண்டும், மஸ்டர் ரோல் (ஆட்களின் வருகைப் பதிவு நோட்டு), சம்பளப் பட்டியல், வயதுக்கு ஆதார், கடைசியில் டாக்டர் தரும் ஊனச் சான்று. இதில் ஒன்றைக்கூட அவர் வாய்திறந்து சொன்னதில்லை.

மூன்று வாரம் கழித்து விசாரிக்க ஒருவர் மதுரையிலிருந்து வந்தார். மேஸ்திரி குடித்திருந்தாரா என்பதை மூன்று விதமாகக் கேட்டார், நேராக ஒரு தடவை, பக்கத்துக் கடைக்காரரிடம் ஒரு தடவை, காலையில் எத்தனை மணிக்கு எழுந்தீர்கள் என்று சுற்றி வளைத்து ஒரு தடவை. குடிபோதையால் நடந்த விபத்து என்றால் சட்டப்படி நஷ்டஈடு கிடையாது, ஆள் இறந்துபோனாலோ முழுசாக முடமாகிப்போனாலோ மட்டும் அந்தச் சாக்கு செல்லாது. விரலுக்குச் செல்லும், அதனால்தான் அத்தனை கேள்வி. காலை ஆறரை மணிக்கு யாரய்யா குடிப்பான் என்று எனக்குக் கோபம், மேஸ்திரிதான் “கேக்கட்டும்ணே, அவுகளுக்கும் வேலைதானே” என்றார். அப்புறம் விசாரிக்க வந்தவர் மஸ்டர் நோட்டை வாங்கிப் பார்த்தார். மழைக்கு ஊறிப் பக்கங்கள் ஒட்டிக்கொண்டிருந்தன, ஒவ்வொன்றாகப் பிரித்து, 12,000க்கு நேரே மேஸ்திரி போட்ட கையெழுத்தில் விரலை வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை, போட்டோ மட்டும் எடுத்துக்கொண்டார்.

இனி கணக்கு, கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள், பாலிசி விற்கிறவர்கள் இதைச் சொல்ல மாட்டார்கள். முழு நிரந்தர ஊனம் என்றால் மாதச் சம்பளத்தில் 60 சதவீதம், அதைச் சட்டத்தில் வயதுவாரியாகக் கொடுத்திருக்கிற எண்ணால் பெருக்க வேண்டும். நாற்பது வயதுக்கு அந்த எண் 184.17. ஆள்காட்டி விரலில் ஒரு கணு போனால் அது 9 சதவீத இழப்பு என்று சட்டத்தின் அட்டவணையிலேயே இருக்கிறது, முழு விரல் என்றால் 14. ஆக 12,000 சம்பளத்துக்கு 7,200 ஆயிற்று, 184.17ஆல் பெருக்கினால் 13,26,024, அதில் ஒன்பது சதவீதம் 1,19,342 ரூபாய். மேஸ்திரிக்கு நான் கொடுக்க வேண்டியது இது. ஆனால் கம்பெனியிடம் நான் எழுதிக் கொடுத்தது எட்டாயிரம், அதற்கு அவர்கள் போட்ட கணக்கு 79,561. மீதி 39,781 ரூபாய் என் கையிலிருந்து. மூவாயிரத்து நூறு மிச்சம் பிடித்தேன் என்றேனே, அதன் விலை.

யாரைக் குறை சொல்ல? ஏஜெண்ட் மேல் எனக்கு எரிச்சல் இன்னும் போகவில்லை, ஆனால் கையெழுத்துப் போட்டது நான். இதுவே சாவாக இருந்தால் என்ன ஆகும் என்று அன்று ராத்திரி உட்கார்ந்து போட்டுப் பார்த்தேன். என்னிடம் இருக்கிற ஆட்களில் சின்னவனுக்கு 25 வயது, அவன் எண் 216.91. சாவுக்கு 50 சதவீதம், ஆக 12,000 சம்பளத்துக்கு 13,01,460 ரூபாய். எட்டாயிரம் கணக்கில் கம்பெனி தருவது 8,67,640. நடுவில் நாலு லட்சத்து முப்பத்து மூவாயிரத்துச் சொச்சம், என் வீட்டை வைத்தாலும் உடனே புரளாது.

பணம் வந்த விதமும் சொல்ல வேண்டும். கம்பெனி தரட்டும், அப்புறம் ஆளுக்குக் கொடுக்கலாம் என்று முதலாளி காத்திருக்க முடியாது. கொடுக்க வேண்டிய நாளிலிருந்து ஒரு மாதத்துக்குள் கொடுக்காவிட்டால் 12 சதவீத வட்டி, தக்க காரணம் இல்லாவிட்டால் அதற்கு மேல் பாதித் தொகை வரைக்கும் அபராதம். வட்டியும் அபராதமும் கம்பெனி பொறுப்பில்லை என்று என் பாலிசியின் ஒன்பதாவது பக்கத்தில் தெளிவாகவே இருந்தது. அதனால் வீட்டுக்காரியின் வளையலை வைத்து முழுத் தொகையையும் நானே முதலில் தொழிலாளர் துறை அலுவலகத்தில் கட்டினேன், கம்பெனியின் பணம் என் கணக்குக்கு வந்தது ஏழு மாதம் கழித்து. ஆஸ்பத்திரி, மருந்து, கட்டு என்று ஆன 31,000 தனி. மருத்துவச் செலவை முதலாளி தர வேண்டும் என்று சட்டம் சொல்கிறது, ஆனால் சாதாரண பாலிசியில் அது கிடையாது, கூடுதல் பிரீமியம் கட்டித் தனியாகச் சேர்த்துக்கொள்ள வேண்டுமாம். அதையும் டீக்கடையில் யாரும் சொல்லவில்லை.

முதல் பாலிசிக்கு என் மார்க் ஐந்துக்கு ஒன்றரை. பணம் வந்தது என்பதால் அந்த அரை.

2024இல் அரசுப் பொது இன்சூரன்ஸ் கம்பெனி ஒன்றின் கிளைக்கு நானே நேரில் போனேன். வேகமெல்லாம் எதிர்பார்க்காதீர்கள், பாலிசி கைக்கு வர நான்கு நாள் ஆனது, முதல் பிரதியில் வேலை நடக்கும் இடம் என்ற கட்டத்தில் என் வீட்டு முகவரியைப் போட்டு வைத்திருந்தார்கள், திரும்பப் போய் மாற்றி வாங்கினேன். ஆனால் அங்கே இருந்த அதிகாரி கேட்ட கேள்விகள் வேறு ரகம். ஆள் உயரத்தில் ஏறுமா, வண்டி யாருடையது, பாதாளச் சாக்கடைக்குள் ஆள் இறங்குமா (2013 சட்டப்படி அது தடை, அப்படி ஒரு வேலையே எடுப்பதில்லை என்றேன்), சம்பளத்தைக் கையில் கொடுக்கிறீர்களா பேங்கில் போடுகிறீர்களா. “பேங்க்ல போடுங்க தம்பி, நாளைக்கு உங்களுக்கும் அதுதான் சாட்சி” என்றார். நிஜச் சம்பளம், ஆளுக்கு 50,000 வரை மருத்துவச் செலவு, எல்லாம் சேர்த்து 12,400 ரூபாய். இன்னொன்று, வருஷம் முடிந்ததும் உண்மையில் எவ்வளவு சம்பளம் கொடுத்தோம் என்று கணக்குக் கொடுக்கச் சொல்லுவார்கள். நடுவில் ஒரு ஆள் கூடியிருந்தான், அதற்குச் சில நூறு ரூபாய் சேர்த்துக் கட்டினேன். டிரைவருக்கு மட்டும் 17,000 கொடுக்கிறேன், நஷ்டஈட்டுக் கணக்கில் 15,000க்கு மேல் எடுத்துக்கொள்ள மாட்டார்கள், 2020 ஜனவரியிலிருந்து அதுதான் உச்சவரம்பு. அதற்கு முன் வெறும் 8,000. ஏஜெண்டுகள் வாயில் இன்னும் அந்த எட்டாயிரம் ஒட்டிக்கொண்டிருப்பது இதனால்தானோ என்று எனக்கு ஒரு சந்தேகம் உண்டு.

இந்தப் பாலிசியில் இதுவரை ஒரு கிளெய்ம்தான், ஒருவன் காலில் கண்ணாடி ஏறி ஒன்பது நாள் லீவு. முதல் மூன்று நாளுக்குக் கிடையாது, மிச்சம் ஆறு நாளுக்குப் பாதிச் சம்பளக் கணக்கில் 1,200 ரூபாய், மருந்துச் செலவு 2,640. இருபத்து மூன்றாம் நாள் வந்துவிட்டது. தொகை சின்னதுதான், பாதிச் சம்பளத்தில் ஒரு குடும்பம் எப்படி ஓடும் என்று சட்டம் எழுதினவர்களைத்தான் கேட்க வேண்டும், மீதியை நான் போட்டுக் கொடுத்தேன். மார்க் நான்கு. முகவரியைத் தப்பாகப் போட்டு அலைய விட்டதற்கு ஒன்று குறைத்திருக்கிறேன்.

“எங்க ஆளுங்களுக்கு பேங்க்ல இருபது ரூபா இன்சூரன்ஸ் இருக்கே” என்று சிலர் சொல்வார்கள். பிரதமர் பெயரில் இருக்கும் விபத்துக் காப்பீடு, நல்லதுதான், போட்டு வையுங்கள். ஆனால் அதில் சாவுக்கு 2 லட்சம், ஒரு கையோ காலோ கண்ணோ போனால் 1 லட்சம், விரலுக்கு ஒன்றும் கிடையாது. நம் வேலையில் முதலில் போவது விரல்தான். ராமேஸ்வரத்தில் அமாவாசைக்கு மறுநாள் அக்னி தீர்த்தக் கரையில் நின்று பாருங்கள், பக்தர்கள் கடலில் விட்டுப்போன துணி மணலோடு சேர்ந்து ஊறிக் கிடக்கும், அதை இழுத்து வண்டியில் ஏற்றுகிறவர்களின் கைகளைப் பாருங்கள். பத்துப் பேர் ஆகிவிட்டால் அரசின் தொழிலாளர் காப்பீட்டுத் திட்டமான இ.எஸ்.ஐ. கணக்கு வந்துவிடும், சம்பளம் 21,000க்குள் இருக்கிறவர்களுக்கு அதுதான் பொருந்தும், இந்தப் பாலிசி இல்லை. பத்துப் பேரை வைத்துக்கொண்டு எட்டுப் பேர் என்று பாலிசி எடுப்பது இன்னொரு கூத்து, அதை எழுதினால் நாலு பேர் என்னோடு பேச மாட்டார்கள்.

2025 நவம்பர் 21 முதல் பழைய சட்டத்தின் இடத்துக்குச் சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு வந்திருக்கிறது. மேலே போட்ட கணக்கு முறை மாறவில்லை, ஆனால் வீட்டிலிருந்து வேலைக்கு வருகிற வழியில், திரும்பிப் போகிற வழியில் நடக்கிற விபத்தும் வேலையோடு தொடர்பு இருந்தால் இப்போது கணக்கில் வரும். என் ஆட்கள் விடிகாலை நாலரைக்குக் கிழக்குக் கடற்கரைச் சாலையில் லைட் இல்லாத சைக்கிளில் வருகிறவர்கள். பாலிசியைப் புதுப்பிக்கும்போது இதற்கும் பொறுப்பு உண்டா என்று கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள், வாயால் சொன்னது போதாது.

மேஸ்திரி இப்போதும் என்னோடுதான் இருக்கிறார். டிப்பர் கொக்கியை எவர்சில்வரில் அடித்து மாட்டியிருக்கிறோம், அதற்கு ஆனது 1,800 ரூபாய்.

போன வாரம் தொண்டிப் பக்கம் காண்ட்ராக்ட் எடுத்திருக்கிற நண்பன் ஒருவன் அந்த அதிகாரியின் நம்பர் கேட்டான், கொடுத்தேன். பிரீமியம் எவ்வளவு ஆகும் என்றான், சொன்னேன். கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. “எனக்கு டீக்கடையில அஞ்சாயிரத்து ஐந்நூறுக்கு முடிச்சுத் தர்றேங்கிறாங்களேண்ணே” என்றான். உன் சம்பளப் பட்டியலையும் பாலிசியின் ஆறாவது பக்கத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார் என்றேன். “பார்த்துட்டுக் கூப்பிடுறேண்ணே” என்றான். இன்னும் கூப்பிடவில்லை.