சாயத்தண்ணீருக்கு இரும்பா, கோபாற்றா? வன்னிக் கிணறுகளை முன்வைத்து ஓர் அலசல்

பனங்குருத்தோலையில் பெட்டியும் பாயும் பின்னும் வீடுகளில், ஓலையைச் சாயத்தில் அவித்தெடுத்தபின் மிஞ்சும் தண்ணீர் வளவின் ஓரத்திலேயே ஊற்றப்படுவதுண்டு. வன்னியில் பல வீடுகளில் குடிநீர்க் கிணறும் அதே வளவுக்குள்தான் இருக்கிறது. வெயிலுக்கும் கழுவலுக்கும் வெளிறாதபடி ஆக்கப்பட்ட செயற்கைச் சாயம், மண்ணுக்குள் போனதும் தானாக அழிந்துவிடும் என்று நம்பியிருக்க முடியாது. தாக்கத்தை விரைவாக்கும் உலோக ஊக்கியின் துணையுடன் அதை ஒட்சியேற்றி, அதாவது அதன் இலத்திரன்களைப் பறித்து, சிதைக்கும் முறைகள் பல உள்ளன. அவற்றுள் ஒன்றைத் தெரிவுசெய்யும்போது, நிறம் எத்தனை நிமிடத்தில் மறைகிறது என்பதைவிட, வேலை முடிந்தபின் நீரில் எந்த உலோகம் தங்குகிறது என்பதையே முதலில் பார்க்கவேண்டும் என்பது என் துணிபு.

மிகப் பழையது இரும்பின் வழி. ஈர்வலு இரும்பு (இரண்டு இலத்திரன் இழந்த இரும்பு அயன்; மூன்று இழந்தது மூவலு இரும்பு) முன்னிலையில் ஐதரசன் பேரொட்சைட்டு தாத்தாரிக்கமிலத்தை ஒட்சியேற்றுவதை இங்கிலாந்து இரசாயனவியலாளர் பென்டன் 1894இல் விவரித்தார். இத்தாக்கத்தில் பிறக்கும் ஐதரொட்சில் மூலிகம், அதாவது சோடியற்ற இலத்திரனுடைய தாக்குதிறன் மிக்க துணிக்கை, சாய மூலக்கூறை எதிர்ப்பட்ட இடத்தில் உடைக்கும் வலிமையுடையது. ஆனால் ஈர்வலு இரும்பு மூவலு இரும்பாக மாறியபின் பழைய நிலைக்கு மீளும் வேகம் ஆயிரக்கணக்கான மடங்கு குறைவு. ஆகவே தொடக்கத்தில் விரைந்து வெளிறும் நீர், பிறகு மந்தமாகிவிடும். இந்த மந்தத்தைத் தீர்ப்பது ஒளி: மூவலு இரும்பை ஒளி மீண்டும் ஈர்வலுவாக்கும்போது கூடுதல் மூலிகமும் கிடைக்கிறது. வெயிலுக்குப் பஞ்சமில்லாத வன்னியில், அகன்ற ஆழமற்ற தொட்டியொன்றே இதற்குப் போதும். மாரியில் வானம் மூடியிருந்தாலும், ஓலை காயாத அக்காலத்தில் சாயம் போடும் வேலையும் குறைவுதானே.

இரும்புக்கு வேண்டியது பிஎச் 3 அளவான புளிப்பு (பிஎச் 7 நடுநிலை; எண் குறையக் குறையப் புளிப்புக் கூடும்). 4ஐத் தாண்டினால் அது துருவாகப் படியத் தொடங்கும். சுண்ணக்கல் நிலத்துக் கிணற்றுநீரில் அமிலத்தைத் தணிக்கும் இருகாபனேற்று நிறைந்திருப்பதால் இங்கே செலவு கூடுகிறது. இத்தணிக்கும் திறனான காரத்தன்மை, கல்சியங்காபனேற்றுக் கணக்கில், லீற்றருக்கு 300 மில்லிகிராம் என்று வைத்துக்கொண்டால், 20 லீற்றர் வாளியொன்றைப் பிஎச் 3க்குக் கொண்டுவர ஏறத்தாழ 7 கிராம் சல்பூரிக்கமிலம் வேண்டும். அமிலம் இடாமல் விட்டாலோ, இருகாபனேற்றே மூலிகத்தை விழுங்கிவிடும், சாயத்துக்கு மிச்சமிராது.

கோபாற்றின் வழி இத்தொல்லையைப் பெருமளவு தவிர்க்கிறது. பேரொட்சிமொனோசல்பேற்று எனும் உப்புடன் மிகச் சிறிதளவு கோபாற்று அயன் சேர்ந்தால், நடுநிலைக்கு அண்மையான நீரிலேயே சல்பேற்று மூலிகம் விரைவாக உண்டாகும். ஆய்வுகூடக் குவளையில் இரும்பை எளிதாக வென்றுவிடும் முறை இது. எனினும் கோபாற்று நச்சுத்தன்மையுள்ளது. ஒட்சைட்டுத் துணிக்கைகளில் பிணைத்துவைத்தாலும் சிறுகச்சிறுக நீருக்குள் கசியக்கூடியது. கரையோரத்து உவர்நீராயின் மற்றொரு சிக்கலும் உண்டு: பேரொட்சிமொனோசல்பேற்று உவர்நீரிலுள்ள குளோரைட்டைத் தாக்கிக் குளோரினாக்குவதால், சாயத்தின் சிதைவுகள் குளோரினேறிய சேர்மங்களாக மாறக்கூடும். அளந்து பார்க்கும் கருவியில்லாத ஒரு வளவில் இம்முறையைக் கையாள நான் சம்மதிக்கமாட்டேன்.

செம்பு இரும்பைவிட அகன்ற பிஎச் எல்லையில் இயங்கினாலும், குளத்துப் பாசிக்கும் மீனுக்கும் அது ஆகாது. மங்கனீசீரொட்சைட்டோ பேரொட்சைட்டின் பெரும்பகுதியை ஒட்சிசன் குமிழிகளாகவே வீணாக்கிவிடுகிறது.

இரும்புத்தூளை மட்டும் போட்டு, பேரொட்சைட்டு இல்லாமலே நிறத்தை நீக்கலாம் என்பாரும் உளர். அசோ எனும் வகைச் சாயங்களின் நைதரசன் இரட்டைப் பிணைப்பு அப்படி முறிவது உண்மையே. ஆனால் அது ஒட்சியேற்றமன்று, அதற்கு எதிராக இலத்திரனை ஏற்றும் தாழ்த்தல். அதில் பிறக்கும் அரோமற்றிக் அமைன்கள் எனும் சேர்மங்களுள் சில மூலச்சாயத்திலும் கேடானவை. கண்ணாடிபோல் தெளிந்த நீரைப் பார்த்து ஏமாறக்கூடிய இடம் இது. ஒட்சியேற்றத்திலும் நிறம் போனபின் சிதைவுகள் காபனீரொட்சைட்டாகும்வரை நேரம் செல்லும். வெளிறியதும் தொட்டியைக் கவிழ்த்துவிடாமல், முழுநாள் வெயிலுக்கு விட்டுவைப்பது நல்லது.

இரும்பின் குறை அதன் சேறு. முடிவில் சுண்ணாம்பிட்டு நடுநிலையாக்கும்போது, கரைந்திருந்த ஒவ்வொரு கிராம் இரும்பும் உலர்நிலையில் ஏறத்தாழ 1.9 கிராம் ஐதரொட்சைட்டாகப் படிகிறது. ஈரத்தில் அதன் கனவளவு மிகப் பெரிது. சாயத்தின் எச்சங்கள் அதில் ஒட்டியிருக்கும் என்பதால், துணியில் வடித்துக் காயவைத்து, மழைநீர் அள்ளிச்செல்லாதபடி மூடிய கலத்தில், கிணற்றுக்கும் குளக்கட்டுக்கும் எட்டத்தில் வைக்கவேண்டும்.