தைக் கல்யாண நாளுக்கு ஏற்ற கடல்: ஹேவ்லாக் குடில் விடுதி, பல வருட அனுபவம்

கல்யாண நாளுக்கு அந்தமான் போகலாமா என்று கேட்பவர்கள் அடுத்த கேள்வியாக அறையைப் பற்றித்தான் கேட்கிறார்கள். ஏசி இருக்கிறதா, கட்டில் பெரியதா, பாத்ரூம் சுத்தமா. நானும் என் வீட்டுக்காரரும் அந்தமானின் ஹேவ்லாக் தீவில் விஜயநகர் கரையில் இருக்கும் ஒரு குடில் விடுதிக்கு விட்டுவிட்டுப் பல வருடங்களாகப் போய்வருகிறோம். அந்த அனுபவத்தில் சொல்கிறேன்: அறை கடைசிக் கவலை. வாசலில் எந்தக் கடல், அது எந்தப் பக்கம் பார்க்கிறது, எத்தனை மணிக்கு உள்வாங்குகிறது, உட்கார ஒரு திண்ணை உண்டா. இவை சரியாக இருந்தால் ஓலைக் கூரையும் போதும். இவை தப்பினால் ஒரு ராத்திரிக்குப் பதினைந்தாயிரம் கொடுத்தாலும் மனசு நிறையாது.

விடுதியின் பெயரைச் சொல்லப் போவதில்லை. இந்த மாதிரி இடங்களில் மேனேஜர் மாறினால் சமையல் மாறும், முதலாளி மாறினால் மரமே காணாமல் போகும். தேர்ந்தெடுக்கும் வழியைச் சொன்னால்தான் அடுத்த வருடமும் உதவும்.

முதலில் திசை. 2018 டிசம்பரில் ஸ்வராஜ் த்வீப் என்று பெயர் மாற்றிவிட்டாலும் கப்பல் டிக்கெட் எடுப்பவரிலிருந்து ஆட்டோக்காரர் வரை வாயில் வருவது ஹேவ்லாக்தான். தீவில் சாதாரண விடுதிகள் பெரும்பாலும் கிழக்குக் கரையில், கோவிந்த் நகரிலும் விஜயநகரிலும் இருக்கின்றன. உள்ளூரில் மூன்றாம் நம்பர், ஐந்தாம் நம்பர் என்பார்கள். விளம்பரத்தில் நீங்கள் பார்த்து மயங்கும் அந்த நீண்ட வெள்ளை மணல், ஏழாம் நம்பரான ராதாநகர். அது தீவின் மேற்குப் பக்கம், கப்பல் துறையிலிருந்து சுமார் 12 கிலோமீட்டர். 2004-ல் டைம் பத்திரிகை ஆசியாவின் சிறந்த கடற்கரை என்று எழுதியதும், 2020-ல் சுத்தமான, பாதுகாப்பான கடற்கரைக்குத் தரும் நீலக்கொடிச் சான்று பெற்றதும் அதுதான். அங்கே தாஜ் இருக்கிறது. நம் பட்ஜெட்டுக்கு அது வேறு உலகம். கிழக்குக் கரையில் அறையை வைத்துக்கொண்டு ராதாநகர் படத்தைப் போட்டு விற்கும் விடுதிகளையும் பார்த்திருக்கிறேன். பதிவு செய்யுமுன் போன் போட்டு, "உங்க வாசலில் இருந்து இப்ப ஒரு போட்டோ எடுத்து அனுப்புங்க, சாயங்காலம் நாலு மணிக்கு இன்னொண்ணு அனுப்புங்க" என்று கேளுங்கள். இரண்டாவது படத்தை அனுப்பத் தயங்கினால் காரணம் உண்டு.

காரணம், கடல் உள்வாங்குவது. மெரினாவிலும் பெசன்ட் நகரிலும் நின்று பழகிய நமக்கு இது பிடிபடாது. சென்னையில் ஏற்ற இறக்கம் ஏறக்குறைய ஒரு மீட்டரில் அடங்கிவிடும், கரையும் சரிவானது. அந்தமானில் அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி ஏறக்குறைய இரண்டு மீட்டர் வரை ஏறி இறங்கும். விஜயநகரில் கரை தட்டையாக இருப்பதால் அந்த இரண்டு மீட்டர் இறங்கும்போது தண்ணீர் நெடுந்தூரம் போய்விடும். காலையில் பச்சையும் நீலமுமாய் மின்னிய இடத்தில் சாயங்காலம் செத்த பவளப் பாறையும் சேற்று மணலும் நண்டும்தான். காலில் செருப்பில்லாமல் இறங்கினால் கிழிக்கும்.

இதற்கு மொபைல் ஆப் எல்லாம் இருக்கிறது. நான் பார்ப்பது வீட்டில் மாட்டியிருக்கும் தினசரி நாள்காட்டி. அமாவாசை, பௌர்ணமி நாள்களில் அந்தக் கரையில் காலை ஒன்பது பத்து மணிக்குத் தண்ணீர் நிறைந்திருக்கும், பிற்பகல் நாலு மணி வாக்கில் அடியோடு வற்றியிருக்கும். ஒவ்வொரு நாளும் முக்கால் மணி நேரத்துக்கு மேல் தள்ளிப்போகும். எட்டாம் நாள், அதாவது அஷ்டமி வாக்கில் கணக்கு தலைகீழ்: பிற்பகலில் தண்ணீர் இருக்கும், அதோடு ஏற்ற இறக்கமும் குறைவு, கடல் அவ்வளவு தூரம் ஓடாது. ஊரில் அஷ்டமி நவமியில் புதுச் செருப்புகூட வாங்க மாட்டோம்; விஜயநகரில் மதியத் தூக்கம் முடித்துவிட்டுக் குளிக்க அதைவிட நல்ல நாள் இல்லை. இதை எங்களுக்கு முதலில் சொல்லிக் கொடுத்தவர் விடுதிச் சமையல்காரர். போர்ட் பிளேயரில் பிறந்து வளர்ந்த தமிழர். "அக்கா, ரெண்டு மணிக்குள்ள குளிச்சு முடிச்சிருங்க, அப்புறம் தண்ணி நம்ம பேச்சைக் கேக்காது" என்றார்.

அப்படியானால் கிழக்குக் கரையில் ஏன் தங்க வேண்டும்? விலை ஒன்று. இன்னொன்று நிழல். அந்தக் கரையோரம் கடல் மஹுவா மரங்கள் தண்ணீர்மேல் சாய்ந்து நிற்கும். நடு வெயிலிலும் கீழே துண்டு விரித்துப் படுக்கலாம். விடியலும் அந்தப் பக்கம்தான். குளியலுக்கும் அந்திக்கும் வாடகை ஸ்கூட்டரில் ராதாநகர் போய்விடுவோம். அங்கே கரை சரிவானது, பகலில் எந்த நேரமும் இறங்கலாம், காவலுக்கு ஆளும் உண்டு. அதன் ஒரு மூலையில் இருக்கும் நீல் கோவ் என்ற சிறு வளைகுடா மட்டும் பார்க்கத்தான், குளிக்க அல்ல. 2010-ல் அங்கே முதலை தாக்கி ஒரு சுற்றுலாப் பயணி இறந்திருக்கிறார். எச்சரிக்கைப் பலகை வைத்திருந்தால் அதை மதியுங்கள், நம் ஊர் ஆள்கள் சிலரைப் போல அதன் கீழே நின்று செல்ஃபி எடுக்காதீர்கள்.

அந்தமானுக்கும் நம் கடிகாரம்தான், ஆனால் சூரியனுக்கு அது தெரியாது. அவ்வளவு கிழக்கே இருப்பதால் தை மாதத்தில் ஐந்தரைக்குள் பொழுது சாய்ந்துவிடும். ஆறு மணிக்குக் கும்மிருட்டு. ராதாநகர் கடற்கரையிலும் இருட்டிய பிறகு இருக்க விடமாட்டார்கள். கடைத்தெரு என்று பெரிதாக எதுவும் இல்லை. ஆக ஆறிலிருந்து சாப்பாட்டு நேரம் வரை இரண்டு பேரும் எங்கே உட்காருவீர்கள்? கல்யாண நாள் பயணத்தின் முக்கால்வாசி அந்த மூன்று மணி நேரத்தில்தான் இருக்கிறது. வீட்டில் சேர்ந்தாற்போல் மூன்று மணி நேரம் டிவி இல்லாமல் பேசி எத்தனை காலமாகிறது?

அதனால்தான் திண்ணை. எங்கள் குடில் நிக்கோபாரி பாணி என்று சொல்லிக்கொள்ளும் மூங்கில் குடில்; கால் ஊன்றி உயர்த்திக் கட்டியது, முன்னால் இரண்டு சாய்வு நாற்காலி போடும் அளவு வராந்தா. உள்ளே ஒரு கட்டில், ஒரு கொசுவலை, ஒரு மின்விசிறி, துணி போட ஒரு கயிறு. பின்னால் கட்டியிருக்கும் புது கான்கிரீட் அறைகளில் ஏசி, டிவி, கண்ணாடிக் கதவு எல்லாம் உண்டு. ஆனால் அவற்றில் உட்கார இடம் கட்டிலைத் தவிர வேறில்லை. மழையோ உக்கிர வெயிலோ இல்லாத மாதமென்றால் கண்ணை மூடிக்கொண்டு குடிலை எடுங்கள்.

குறைகளும் சொல்லியாக வேண்டும். மணல் ஈ. கொசு மாதிரி சத்தம் போடாது, கண்ணுக்கும் சரியாகத் தெரியாது. காலையிலும் அந்தியிலும் ஈர மணலில் படுத்தால் அடுத்த நாள் கணுக்காலிலிருந்து முட்டிவரை சிவந்து தடித்துவிடும், ஒரு வாரம் அரிக்கும். தேங்காய் எண்ணெயைத் தாராளமாகத் தடவிக்கொண்டு போவது எங்களுக்குப் பலித்திருக்கிறது. காலமைன் ஒரு பாட்டில் ஊரிலிருந்தே எடுத்துப் போங்கள். மின்சாரம் தீவில் டீசல் ஜெனரேட்டரை நம்பி ஓடுகிறது, போகும், வரும். விடுதிக்குச் சொந்த ஜெனரேட்டர் உண்டா, அது அறைக்கும் ஓடுமா அல்லது ரிசப்ஷனுக்கும் சமையலறைக்கும் மட்டுமா என்று கேட்டு வாங்குங்கள். குழாய்த் தண்ணீரில் சோப்பு சரியாக நுரைக்காது. கோடை நெருங்கினால் தண்ணீரே சிக்கனம்தான்.

சாப்பாட்டில் குறை சொல்ல எதுவும் இல்லை. தீவில் இருப்பவர்கள் பெரும்பாலும் கிழக்கு வங்காளத்திலிருந்து வந்து குடியேறிய குடும்பங்கள். கடுகு அரைத்து விட்ட மீன் குழம்பு அவர்கள் கைப்பக்குவம். ஆனால் விடுதி மெனுவில் பன்னீர் பட்டர் மசாலா, ஃபிரைட் ரைஸ் என்று நீளும் பட்டியலைப் பார்க்காதீர்கள். காலையில் அடுப்படிக்குப் போய் "இன்னிக்கு என்ன மீன் வந்திருக்கு" என்று கேளுங்கள். சூரை கிடைத்தால் வறுவல், கொடுவா கிடைத்தால் குழம்பு. இறால் பரவாயில்லை, சிங்கி இறால் விலை கேட்டால் பசி போய்விடும். சைவம் சாப்பிடுபவர்களுக்குப் பருப்பும் உருளைக்கிழங்கும் உண்டு, இரண்டு நாளில் அலுக்கும். ராத்திரி ஒன்பது மணிக்குள் சமையலறையை மூடிவிடுவார்கள்.

வருடா வருடம் மாறியது என்ன? ஆரம்பத்தில் போனபோது போனில் சிக்னல் அநேகமாக இல்லை, ஏடிஎம் வாசலில் வரிசை, கார்டு மெஷின் சும்மா அலங்காரம். 2020 ஆகஸ்டில் சென்னையிலிருந்து கடலடியில் 2,300 கிலோமீட்டர் இணையக் கேபிள் இழுத்த பிறகு நிலைமை வேறு. இப்போது இளநீர் விற்பவரிடமும் ஸ்கேன் செய்து காசு கொடுக்க முடிகிறது. வீட்டுக்காரரின் ஆபீஸ் அழைப்பும் சேர்ந்தே வந்துவிட்டது என்பது வேறு விஷயம். வாடகை ஏறிவிட்டது. ஆயிரத்துச் சொச்சத்துக்குக் கிடைத்த குடில் இன்று நாலாயிரத்தைத் தொடுகிறது. கூரையில் ஓலைக்கு மேல் தகரம் போட்டுவிட்டார்கள். மழைக்கு நல்லது, மதியத்துக்கு இல்லை. ஒரு சின்ன நீச்சல் குளமும் வந்திருக்கிறது. வாசலில் கடல் இருக்க அது எதற்கு என்று முதலில் சிரித்தேன். நாலு மணிக்குக் கடல் ஓடிப்போகும் ஊரில் அது அவ்வளவு சிரிப்புக்குரியதல்ல என்று குழந்தைகளோடு வந்த ஒரு குடும்பத்தைப் பார்த்தபோது பட்டது.

கல்யாண நாள் என்று விடுதியில் சொல்லலாமா? சொல்லாதீர்கள், அல்லது சொன்னால் எதுவும் வேண்டாம் என்றும் சேர்த்துச் சொல்லுங்கள். ஒரு முறை பயண ஏஜென்ட் ஒருவர் "ஸ்பெஷல் பேக்கேஜ்" என்று பணம் வாங்கிவிட்டார். கட்டில் முழுக்க ரோஜா இதழ், துண்டில் முறுக்கிய இரண்டு அன்னம், கடற்கரையில் மெழுகுவத்தி மேசை. காற்றில் மெழுகுவத்தி நிற்கவில்லை, இருட்டில் மீன் முள் தெரியவில்லை. இதழ்களை ஈரத்தோடு பொறுக்கிப் போட்டுவிட்டுப் படுக்க அரை மணி ஆயிற்று. சமையல்காரரிடம் தனியாகச் சொல்லி ஒரு பாயசம் வைக்கச் சொன்னால் அதில் பத்தில் ஒரு பங்கு செலவுகூட ஆகாது.

மாதம் பற்றி. தை, மாசியில் கல்யாணம் ஆனவர்களுக்குக் கொடுப்பினை. கடல் அமைதியாக, தண்ணீர் கண்ணாடியாக இருக்கும் காலம் அது. பங்குனி, சித்திரையிலும் கடல் நன்றாகவே இருக்கும், வெயிலும் புழுக்கமும் கூடும். வைகாசியில் தென்மேற்குப் பருவமழை அந்தமானில்தான் முதலில் காலெடுத்து வைக்கும். ஆவணியில் கல்யாண நாள் வருபவர்கள் தேதியைப் பிடித்துத் தொங்காமல் தைக்குத் தள்ளிப்போடுங்கள். ஐப்பசி, கார்த்திகை வங்கக் கடலின் புயல் காலம். 2016 டிசம்பரில் சென்னையைப் புரட்டிப் போட்ட வர்தா, அதற்கு முன்பே அந்தமான் பக்கம் உருண்டு திரண்டபோது ஹேவ்லாக்கிலும் பக்கத்து நீல் தீவிலும் ஆயிரத்துக்கும் மேற்பட்ட பயணிகள் மாட்டிக்கொண்டார்கள். கடற்படைக் கப்பல் போய்த்தான் கூட்டி வந்தது. நல்ல மாதத்திலும் திரும்பும் விமானத்துக்கு முந்தின ராத்திரியைப் போர்ட் பிளேயரில் கழிப்பதுபோலவே நாங்கள் திட்டம் போடுகிறோம். அதற்கு ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர் மாற்றியும் சில காலமாகிறது. அங்கே இட்லி கிடைக்கும், வெற்றிமலை முருகன் கோயில் இருக்கிறது, தெருவில் பாதிப் பேர் தமிழில் வழி சொல்வார்கள்.

அறைக்கு முன் கப்பலைப் பாருங்கள். சென்னையிலிருந்து விமானம் இரண்டு மணி நேரத்துக்குச் சற்று மேல். அதன் பிறகு ஹேவ்லாக்குக்குப் பெரும்பாலும் கடல்வழிதான். மக்ரூஸ், நாட்டிகா மாதிரி தனியார் கப்பல்கள் ஒன்றரை மணியில் கொண்டு சேர்க்கும், ஆனால் மூடிய ஏசி அறையில் உட்கார வேண்டும். அரசுக் கப்பலுக்கு இரண்டரை மணி ஆகும், கட்டணம் மிகக் குறைவு, மேல்தளத்தில் நின்று காற்று வாங்கலாம். டிக்கெட் கிடைப்பதுதான் பாடு. கிறிஸ்துமஸ், பொங்கல் விடுமுறையில் இரண்டுமே நிறைந்துவிடும். வாந்தி வருபவர்கள் ஏறுவதற்கு ஒன்றிரண்டு மணி நேரம் முன்பே அவோமின் போட்டுக்கொள்ளுங்கள், ஏறிய பிறகு போட்டால் அவ்வளவு பலன் இருக்காது.

முட்டி வலியுள்ள அப்பா அம்மாவுக்கு அறுபதாம் கல்யாணப் பரிசாக அனுப்ப நினைப்பவர்கள் குடிலை எடுக்க வேண்டாம். படி உயரம், ராத்திரி பாத்ரூம் போக இருட்டு, பக்கத்தில் பெரிய ஆஸ்பத்திரியும் இல்லை. அவர்களுக்கு அதே வளாகத்தில் தரைத்தள அறை சொல்லிவிட்டு, முன்னால் ஒரு குடிலின் வராந்தாவைச் சாயங்காலத்துக்கு மட்டும் விட்டுத்தர முடியுமா என்று மேனேஜரிடம் கேட்டுப் பாருங்கள். கூட்டம் இல்லாத நாளில் என் தங்கைக்கு அப்படி விட்டுத் தந்தார்கள். திரும்பும்போது பெட்டியில் கிளிஞ்சலோ பவளத் துண்டோ இருந்தால் விமான நிலையத்தில் எடுத்து வைத்துக்கொள்வார்கள். பேரப் பிள்ளைகளுக்கு வேறு ஏதாவது வாங்கிக்கொள்ளச் சொல்லுங்கள்.