பிரைமரும் பிரைமிங் கருவியும்: நெடுநாள் பயன்பாட்டுக்குப் பின் ஒரு மதிப்பீடு

சட்டமும் உரிமமும் இடந்தரும் சூழலில் வீட்டிலேயே தோட்டாக்களை மறுநிரப்பல் செய்கிறவர்கள், அதாவது சுட்ட தோட்டாவின் உலோகக் கூட்டை மீண்டும் நிரப்பிப் பயன்படுத்துகிறவர்கள், பிரஸ் (நெம்புகோல் இயந்திரம்), டை (கூட்டுக்கு வடிவம் தரும் அச்சு), தராசு ஆகியவற்றைப் பல நாள் விசாரித்து வாங்குகிறார்கள். கூட்டின் அடியிலுள்ள குழியில் பொருந்தி, அடிபட்டதும் வெடித்து வெடிமருந்தைப் பற்றவைக்கும் சிறு உலோகக் கிண்ணமான பிரைமரை மட்டும் கிடைத்ததை எடுத்துக்கொள்கிறார்கள். அதைப் பொருத்தும் கருவியையோ பிரஸ்ஸுடன் வந்த துணைப்பொருளாக எண்ணி விட்டுவிடுகிறார்கள். ரைஃபிளுக்கும் கைத்துப்பாக்கிக்கும் பல ஆண்டுகளாகத் தோட்டா நிரப்பிவரும் அனுபவத்தில், இந்த அணுகுமுறை சரியன்று என்பதே என் உறுதியான கருத்து. எந்தப் பிரைமர் தேவை என்பதைத் துப்பாக்கியில் பிரைமரை அடிக்கும் ஊசியான ஃபயரிங் பின்னும் சுத்தியலும் இயங்கும் விதமே முடிவு செய்கிறது. அந்தப் பிரைமரை எந்தக் கருவியால் பொருத்துகிறோம் என்பது, அது முதல் அடியிலேயே வெடிக்குமா, வெடிக்கக் கூடாத நேரத்தில் வெடித்துவிடுமா என்ற இரண்டையும் பாதிக்கிறது. ஆகவே இரண்டையும் சேர்த்தே மதிப்பிட வேண்டும்.

அடிப்படை அளவுகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். வீட்டில் மறுநிரப்பல் செய்யப் பெரும்பாலும் பயன்படுவது பாக்ஸர் வகை; இதில் அன்வில் என்னும் சிறு பட்டடைத் துண்டு பிரைமருக்குள்ளேயே இருக்கும், கூட்டின் அடியில் நடுவில் ஒரே ஒரு துளை இருக்கும். பெர்டன் வகையில் அன்வில் கூட்டின் பகுதியாகவே இருப்பதாலும், துளைகள் நடுவைவிட்டு விலகி இருப்பதாலும், வழக்கமான டையின் ஊசியால் பழைய பிரைமரைத் தள்ளி வெளியேற்ற முடியாது. பாக்ஸர் பிரைமர்கள் சிறியது, பெரியது என இரண்டு விட்டங்களில் வருகின்றன: சிறியது ஏறத்தாழ 0.175 அங்குலம், பெரியது ஏறத்தாழ 0.210 அங்குலம். இவை ஒவ்வொன்றிலும் ரைஃபிளுக்கும் கைத்துப்பாக்கிக்கும் தனித்தனி வகைகள் உண்டு. பெரிய ரைஃபிள் பிரைமர் பெரிய கைத்துப்பாக்கிப் பிரைமரைவிட ஏறத்தாழ 0.008 அங்குலம் உயரமானது; அதைக் கைத்துப்பாக்கிக் கூட்டில் பொருத்தினால் அடிப்பகுதிக்கு வெளியே துருத்திக்கொண்டு நிற்கும். சிறிய வகையில் இரண்டின் உயரமும் ஏறக்குறைய ஒன்றே என்பதால் மாறிப்போனாலும் கண்ணுக்குத் தெரியாது. முக்கிய வேறுபாடு கிண்ணத்தின் தடிப்பில் இருக்கிறது. ஒரே நேரத்தில் மேசைமேல் ஒரே வகைப் பிரைமர்தான் இருக்க வேண்டும் என்ற விதியை நான் கண்டிப்பாகக் கடைப்பிடிப்பதற்கு இதுவே முதன்மையான காரணம்.

கிண்ணத்தின் தடிப்பு மேம்போக்காகக் கடந்துபோகக்கூடிய செய்தியன்று. சிசிஐ நிறுவனத்தின் 400 எண் சிறிய ரைஃபிள் பிரைமரின் கிண்ணம் ஏறத்தாழ 0.020 அங்குலத் தடிப்புடையது; அதே நிறுவனத்தின் 450, 41 ஆகிய எண்களில் அது ஏறத்தாழ 0.025 அங்குலம். எண்ணளவில் மிகச் சிறிய இந்த வேறுபாடு ஏஆர்-15 போன்ற, தானே அடுத்த தோட்டாவை ஏற்றிக்கொள்ளும் ரைஃபிள்களில் மிகப் பெரிதாகிவிடுகிறது. அதன் ஃபயரிங் பின்னுக்குப் பின்னிழுக்கும் சுருள்வில் கிடையாது. அறையை மூடும் போல்ட் முன்னோக்கிப் பாய்ந்து நிற்கும்போது ஃபயரிங் பின் தன் வேகத்தாலேயே சற்று முன்னே சென்று பிரைமரைத் தொட்டுவிடுகிறது. தோட்டாவை அறைக்குள் ஏற்றி, சுடாமலேயே வெளியே எடுத்துப் பார்த்தால், பிரைமரின் நடுவில் ஊசிமுனை பட்டதுபோல் மெல்லிய பள்ளம் ஒன்று தெரியும். கிண்ணம் மென்மையாக இருந்து, பிரைமர் சற்றே துருத்திக்கொண்டும் இருந்தால், அந்தத் தொடுதலே வெடிப்பதற்குப் போதுமானதாகிவிடும். எம்1 கேரண்ட் என்னும் பழைய இராணுவ ரைஃபிளுக்கும் இதே எச்சரிக்கை பொருந்தும். இராணுவத் தரத்தை ஒட்டிய சிசிஐ 41 சிறிய ரைஃபிள் பிரைமரும், 34 பெரிய ரைஃபிள் பிரைமரும் இத்தகைய துப்பாக்கிகளை மனத்தில் வைத்தே உருவாக்கப்பட்டவை. இவ்வகைத் துப்பாக்கிகளுக்கு நான் இவற்றைத் தவிர வேறெதையும் நாடுவதில்லை.

இதற்கு நேர் எதிரான தேவை சுத்தியல் சுருள்வில்லை இலகுவாக்கிய ரிவால்வர்களில் எழுகிறது. அடியின் வலு குறைந்திருப்பதால், கடினமான கிண்ணம் பல நேரங்களில் வெடிக்காமல் போகும். ஃபெடரல் நிறுவனத்தின் 100, 150 எண் பிரைமர்கள் இலகுவான அடிக்கும் வெடிப்பதில் பெயர் பெற்றவை. போட்டிகளில் ரிவால்வர் சுடுபவர்கள் இவற்றைத் தேடி வாங்குவதன் காரணம் இதுவே. ஒரு துப்பாக்கிக்கு நற்பண்பாக இருக்கும் மென்மை இன்னொன்றுக்கு ஆபத்தாகிவிடுகிறது. எனவே எது சிறந்த பிரைமர் என்று பொதுவாகக் கேட்பதில் பொருளில்லை. எந்தத் துப்பாக்கிக்கு என்பதையும் சேர்த்துக் கேட்டால்தான் விடை கிடைக்கும். ஒரே நிறுவனத்தின் வரிசைக்குள்ளும் கவனம் தேவை. ரெமிங்டனின் ஆறரை எண் பிரைமர் .22 ஹார்னெட் போன்ற குறைந்த அழுத்தத் தோட்டாக்களுக்கானது; .223 போன்ற உயர் அழுத்தத் தோட்டாவுக்கு அதே நிறுவனத்தின் ஏழரை எண்ணையே பயன்படுத்த வேண்டும். இரண்டும் சிறிய ரைஃபிள் பிரைமர்களே, இரண்டும் ஒரே குழியில் ஒரே மாதிரிப் பொருந்தும்.

வலுவான சுடர் தரும் மேக்னம் வகைப் பிரைமர் பற்றிய என் நிலைப்பாடு எளிமையானது. எரியத் தொடங்கக் கூடுதல் வெப்பம் வேண்டிய உருண்டைமணி வெடிமருந்துகளுக்கும், பெரிய கொள்ளளவுள்ள கூடுகளுக்கும், கடுங்குளிரில் சுடுவதற்கும் அது பயன் தருகிறது. மற்ற இடங்களில் அதற்குத் தேவையில்லை. பிரைமரை மாற்றினால் அழுத்தமும் மாறும் என்பதை மட்டும் ஒருபோதும் மறக்கக் கூடாது. நிறுவனம் மாறினாலும், வகை மாறினாலும், நிரப்பல் கையேட்டில் உள்ள தொடக்க அளவுக்குத் திரும்பிச் சென்று, அங்கிருந்து படிப்படியாகவே மேலே வர வேண்டும். 2020இல் தொடங்கிய தட்டுப்பாட்டின்போது கிடைத்த பிரைமரை வாங்கிப் பழைய அளவிலேயே தொடர்ந்தவர்களைக் கண்டு நான் வருந்தியிருக்கிறேன். பெஞ்ச்ரெஸ்ட், மேட்ச் என்ற பெயர்களில் வரும் சிசிஐ பிஆர்-2, ஃபெடரல் 210எம் போன்றவை தொலைதூர ரைஃபிளில் குண்டின் வேகத்தைச் சீராக்க உதவுகின்றன. கைத்துப்பாக்கியில் அத்தகைய சீரான வேகம் இலக்குத் தாளில் எந்த மாற்றத்தையும் காட்டுவதில்லை.

இனிக் கருவிகளுக்கு வருகிறேன். ஒரு நேரத்தில் ஒரு வேலை மட்டும் செய்யும் ஒற்றை நிலைப் பிரஸ்ஸின் கையிலேயே பிரைமரைப் பொருத்தும் வழி செலவில்லாதது என்பது உண்மை. ஆனால் பிரஸ்ஸின் நெம்புகோல் கூட்டைச் சுருக்குவதற்காக அமைந்தது. அதன் வலு மிக அதிகம். பிரைமர் குழியின் அடியைத் தொட்ட கணம் கைக்குத் தெரியாமலேயே கடந்துபோகிறது. முற்போக்கு வகைப் பிரஸ்களில் இதைவிடச் சிக்கல் உண்டு: ஒரே இழுப்பில் பல வேலைகள் நடப்பதால், கையில் உணரும் எதிர்ப்பு பிரைமரிலிருந்து வந்ததா, டையிலிருந்து வந்ததா என்று பிரித்தறிய முடிவதில்லை. அதிக எண்ணிக்கையில் கைத்துப்பாக்கித் தோட்டா செய்கிறவர்களுக்கு அந்த வேகம் தேவைப்படலாம். ரைஃபிள் தோட்டாவுக்கு நான் தனிக் கருவியையே நம்புகிறேன்.

கையில் பிடித்து அழுத்தும் கருவிகளில் லீ, ஆர்சிபிஎஸ், ஃபிராங்க்ஃபோர்ட் ஆர்சனல் ஆகிய மூன்றின் வடிவமைப்புகளும் பரவலாகப் பயன்பாட்டில் உள்ளவை. லீ கருவி எடை குறைவானது, கட்டைவிரல் உணர்வைத் தெளிவாகத் தருவது. கூட்டைப் பிடித்து நிறுத்தும் பிரஸ்ஸுக்கான ஷெல் ஹோல்டர் அதற்குப் பொருந்தாது என்பதால் அதற்கென்றே தனித் தொகுப்பு வாங்க வேண்டும். ஆர்சிபிஎஸ் கருவியில் பிரைமர் தட்டையும் அழுத்தும் தண்டையும் பிரிக்கும் தடுப்புக் கதவு ஒன்று இருக்கிறது. பொருத்தும்போது ஒரு பிரைமர் வெடித்தாலும் தட்டிலுள்ள மற்றவற்றுக்கு அது பரவாமல் இருக்க வேண்டும் என்பதே அதன் நோக்கம். தட்டில் நூறு பிரைமர்கள் அடுத்தடுத்துக் கிடக்கும்போது, அந்தத் தடுப்புக்கு நான் மிக உயர்ந்த மதிப்பு அளிக்கிறேன். ஃபெடரல் பிரைமர்கள் மற்றவற்றைவிடப் பெரிய அட்டைப்பெட்டியில் ஒன்றோடொன்று இடைவெளிவிட்டு அடுக்கப்பட்டு வருவதும் இதே அச்சத்தால்தான். லீயின் பழைய வட்டத்தட்டுக் கருவிகளில் அவற்றைப் பயன்படுத்த வேண்டாம் என்று அந்நிறுவனமே எச்சரித்திருந்தது. பிரைமர் தேர்வு கருவித் தேர்வைக் கட்டுப்படுத்துகிறது என்று நான் சொல்வதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை. ஃபிராங்க்ஃபோர்ட் கருவியில் பொருத்தும் ஆழத்தைத் திருகிச் சரிசெய்யலாம். ஒரே தொகுதிக் கூடுகளுக்கு இது நல்ல வசதி. கூடுகள் பலவாறாகக் கலந்திருந்தால் விளிம்பின் தடிப்பு வேறுபடும், அப்போது அந்த அமைப்பின் பயன் குறைந்துவிடும்.

கைக்கருவிகளின் பொதுவான குறை, விரல்களுக்கும் மணிக்கட்டுக்கும் உண்டாகும் சோர்வு. மூட்டுவலி உள்ளவர்கள் மேசையில் பொருத்தும் நெம்புகோல் கருவிக்குச் சென்றுவிடுவது நல்லது. ஃபார்ஸ்டர் கோ-ஆக்ஸ் கூட்டை விளிம்பில் பிடித்து நடுவில் நிறுத்துவதால் பிரைமர் சாயாமல் நேராக ஏறுகிறது. பிரைமல் ரைட்ஸின் சிபிஎஸ் கருவி மிக நுண்ணிய படிகளில் ஆழத்தைக் கட்டுப்படுத்துகிறது. தொலைதூரப் போட்டிக்காரர்களுக்கு அது தகும், ஓய்வுநேரத்தில் சுடுகிறவர்களுக்கு அவ்வளவு நுட்பம் தேவைப்படாது. நான் முன்பு வைத்திருந்த ஒரு கைக்கருவியில் வார்ப்பு உலோகத்தாலான இணைப்புத் துண்டு தேய்ந்து, பிடியில் ஆட்டம் உண்டாகி, அழுத்தும் ஆழம் ஒவ்வொரு கூட்டுக்கும் மாறத் தொடங்கியது. அதிலிருந்து, எந்தக் கருவியை வாங்கினாலும் அதன் சுழல் இணைப்புகள் எஃகால் ஆனவையா என்றும், தேயும் பாகங்கள் தனியாகக் கிடைக்குமா என்றும் முதலில் பார்க்கிறேன்.

சரியாகப் பொருந்தும்போது கை உணர்வது மூன்று நிலைகள். முதலில் கிண்ணத்தின் விளிம்பு குழிக்குள் நுழையும்போது ஒரு சிறு தயக்கம். பிறகு ஒரே சீரான உராய்வு. அடுத்து அன்விலின் கால்கள் அடியைத் தொடும்போது திடமாக நிற்கும் ஒரு தடை. அந்தத் தடைக்குப் பிறகு மிகச் சிறிய அளவு மட்டும் கூடுதலாக அழுத்த வேண்டும். அதனால் அன்வில் வெடிகலவையின்மீது இலேசாக இறுகி, அடி விழும்போது வலு வீணாகாமல் இருக்கிறது. பொருத்தி முடித்த பிரைமர் கூட்டின் அடிப்பரப்பிலிருந்து 0.003 முதல் 0.005 அங்குலம் உள்ளே இருப்பதை நான் விரும்புகிறேன். ஆள்காட்டி விரல் நுனியால் ஒவ்வொரு கூட்டையும் தடவிப் பார்த்தால் மெல்லிய பள்ளம் புலப்படும். புலப்படாவிட்டால் கூட்டைத் தட்டையான எஃகுப் பரப்பில் நிறுத்திப் பார்க்க வேண்டும், துருத்தியிருந்தால் அது ஆடும். முதல் அடியில் வெடிக்காமல் இரண்டாம் அடியில் வெடிக்கும் தோட்டாவைப் பலர் கெட்ட பிரைமர் என்று முடிவுகட்டுகிறார்கள். பெரும்பாலும் அது முழு ஆழத்துக்கு இறங்காத பிரைமர். முதல் அடியின் வலு அதை உள்ளே தள்ளுவதிலேயே செலவாகியிருக்கும். இரண்டாம் நிலையில் உராய்வே இல்லாமல் பிரைமர் வழுக்கிக்கொண்டு உள்ளே போனால், அந்தக் கூட்டின் குழி விரிந்துவிட்டது என்று பொருள். அத்தகைய கூடு எவ்வளவு புதியதாகத் தோன்றினாலும் அதை ஒதுக்கிவிட வேண்டும்.

இந்த உணர்வு நம்பத்தக்கதாக இருக்க வேண்டுமானால் குழி சுத்தமாக இருக்க வேண்டும். அடியில் படிந்த கரி திரண்டால் பிரைமர் அதன்மீது உட்கார்ந்துவிடும். கைக்குத் தடை தெரியும், ஆனால் அது பொய்யான தடை. இராணுவக் கூடுகளில் பிரைமரைச் சுற்றி விளிம்பு மடக்கப்பட்டிருக்கும். அந்த மடிப்பை நீக்காமல் புதிய பிரைமரை அழுத்துவது கிண்ணத்தை நசுக்கும். வெட்டி எடுக்கும் ரீமரைவிட, உலோகத்தை ஒதுக்கித் தள்ளும் டில்லன் சூப்பர் ஸ்வேஜ் போன்ற கருவியையே நான் பரிந்துரைக்கிறேன். ரீமரில் கை சற்று மிகுந்தால் குழியின் சுவர் மெலிந்துவிடும். .45 ஏசிபி கைத்துப்பாக்கிக் கூடுகள் இப்போது சிறிய குழியுடனும் வருவதால், பெரிய குழிக் கூடுகளிலிருந்து அவற்றை வேலை தொடங்குமுன்பே பிரித்துவிட வேண்டும்.

பாதுகாப்பைப் பொறுத்தவரை, கண்ணாடி அணியாமல் நான் பிரைமர் பெட்டியைத் திறப்பதில்லை. பிரைமர்களை அவற்றின் சொந்தப் பெட்டியிலேயே வைக்க வேண்டும்; கண்ணாடிக் குப்பியிலோ டப்பாவிலோ மொத்தமாகக் கொட்டி வைப்பது அவற்றை ஒரே நேரத்தில் வெடிக்கக்கூடிய குவியலாக்கிவிடும். பெரும்பாலான பிரைமர்களின் கலவையில் ஈயச் சேர்மம் உள்ளதால், சுட்ட கூடுகளை உலர்முறையில் மெருகேற்றும்போது எழும் தூசியைச் சுவாசிக்கக் கூடாது. பழைய பிரைமரைத் தட்டி எடுத்த பிறகும் கைகளைச் சோப்பிட்டுக் கழுவ வேண்டும். பொருத்தும்போது வழக்கத்துக்கு மாறான எதிர்ப்பு தெரிந்தால் மேலும் அழுத்தாமல் நிறுத்தி, கூட்டை வெளியே எடுத்துக் காரணத்தைப் பார்க்க வேண்டும். நிரப்பி முடித்த தோட்டாவில் பிரைமர் துருத்தியிருப்பது தெரியவந்தால் அதை அந்த நிலையில் மீண்டும் கருவியில் வைத்து அழுத்தவே கூடாது. குண்டை இழுத்தெடுத்து, வெடிமருந்தை முழுவதும் கொட்டிவிட்டு, அதன் பிறகே அந்தப் பிரைமரைத் தொட வேண்டும்.