தமிழ்ப் பெயர்களோடு அன்ட்ரொயிட் ஸ்பின்னர்: நெடுநாள் பயன்பாட்டுக்குப் பின்

கிண்ணியாவில் செயலி உருவாக்கத் தொடங்கியிருக்கும் நண்பர் ஒருவர், ட்ரொப்டவுன் பட்டியலுக்கு (தொட்டால் விரிந்து, ஒன்றைத் தெரிவுசெய்ததும் மூடிக்கொள்ளும் பட்டியல்) அன்ட்ரொயிட் தரும் ஆயத்தக் கூறான ஸ்பின்னரை இன்றைக்கும் நம்பி எடுக்கலாமா என்று கேட்டிருந்தார். திருகோணமலை மாவட்டத்தின் திருக்கடலூர், சல்லி, இறக்கக்கண்டி பக்கத்து வாடிகளில் (மீனவர்களின் கரையோரக் கொட்டகைகளில்) அன்றாட மீன்பிடியைப் பதிவதற்காக நான் பராமரித்துவரும் செயலியில், மீன் வகையும் பிரதேச செயலகப் பிரிவும் ஸ்பின்னர் வழியாகவே தெரிவுசெய்யப்படுகின்றன. பட்டியலுக்குத் தரவை ஊட்டும் அடப்டரை இணைக்கும் முறை அவருக்குத் தெரியும். ஆகவே, பட்டியலின் ஒவ்வொரு வரியும் கண்ணுக்கு எப்படித் தெரிகிறது என்பதைப் பற்றி மட்டும் எழுதுகிறேன்.

முதலில் அதன் சிறப்பைச் சொல்லிவிட வேண்டும். மூடியிருக்கும்போது தெரியும் பெயரையும், விரிந்தபின் தெரியும் வரிகளையும் ஸ்பின்னர் இரண்டு தனித்தனி வேலைகளாகவே கருதுகிறது. நிரலில் முன்னதற்கு கெட்வியூ, பின்னதற்கு கெட்ட்ரொப்டவுன்வியூ என்று தனித்தனிச் செயற்கூறுகள் உண்டு. தொடக்கத்தில் தேவையற்ற இரட்டை வேலையாகத் தோன்றும் இந்தப் பிரிவினைதான் எனக்குப் பெரும் வசதியாக அமைந்தது. பட்டியல் விரியும்போது ‘அறக்குளா’ என்ற பெயரின் கீழே, சற்றுச் சிறிய எழுத்தில், அன்றைய கிலோ விலை நிற்கிறது. தெரிவு முடிந்து பட்டியல் மூடியதும் பெயர் மட்டுமே எஞ்சுவதால், நிறுவையும் தொகையும் எழுதும் கட்டங்களுக்கு இடம் குறைவதில்லை. வெயிலில் நின்றபடி, ஈரக் கையோடு திரையைத் தொடுகிறவர்களுக்கு இது எவ்வளவு உதவுகிறது என்பதை அருகில் நின்று பார்த்திருக்கிறேன். இப்படியொரு தெளிவான பிரிப்பைச் செய்துவைத்தவர்களை மனமாரப் பாராட்டுகிறேன்.

என் பொறுமையைச் சோதிப்பது, அதோடு தரப்படும் ஆயத்த வரி வடிவம். சிம்பிள் ஸ்பின்னர் ஐட்டம், சிம்பிள் ஸ்பின்னர் ட்ரொப்டவுன் ஐட்டம் ஆகிய இரண்டிலும் எழுத்து ஒரே வரியில்தான் நிற்க வேண்டும் என்று விதிக்கப்பட்டிருக்கிறது. மிஞ்சிய எழுத்துகள் ஓடிக் காட்டப்படும் என்ற அமைப்பும் அதில் உண்டு. ஆனால் விரிந்த பட்டியலில் அவை ஓடி நான் கண்டதில்லை, பெயர் வெட்டுண்டே நிற்கிறது. எங்கள் மாவட்டத்தின் 11 பிரிவுகளில் மூதூர், கந்தளாய், வெருகல் போன்றவை எந்தத் தொல்லையும் தருவதில்லை. ‘திருகோணமலை பட்டினமும் சூழலும்’ என்ற பெயரோ, கண்பார்வை குறைந்த முதியவர்கள் எழுத்தளவைக் கூட்டி வைத்திருக்கும் கைத்தொலைபேசிகளில், ‘பட்டி’ என்பதோடு அறுந்துவிடுகிறது. “தம்பி, இது எந்தப் பிரிவெண்டு பாதிதானே தெரியுது?” என்று படகு வைத்திருக்கும் ஒரு சம்மாட்டி ஐயா கேட்டார். அவர் கேட்டதில் முழு நியாயம் இருந்தது. ஒரு வரி என்ற விதியை நிரலில் நீக்கினாலும், விரிந்த வரியின் உயரம் முன்கூட்டியே நிர்ணயிக்கப்பட்டிருப்பதால், பெரிய எழுத்தில் இரண்டாம் வரியின் அடிப்பகுதி மறைந்துபோகிறது. உயரத்தை உள்ளடக்கத்துக்கு விட்டுவிட்டு, குறைந்தபட்சம் 48 டிபி (அன்ட்ரொயிடின் திரை அளவு அலகு) என்று மட்டும் வரையறுக்கும் சொந்த வரி வடிவம் ஒன்றை எழுதிக்கொள்வதே இதற்கு ஒரே மாற்று.

அகலத்திலும் ஓர் ஒளிந்திருக்கும் கணக்கு உண்டு. பட்டியலின் அகலத்தை உள்ளடக்கமே தீர்மானிக்கட்டும் என்று விட்டால், ஸ்பின்னர் எல்லா வரிகளையும் அளப்பதில்லை; தெரிவாகியிருக்கும் இடத்தை ஒட்டிய 15 வரிகளை மட்டுமே அளக்கிறது. கிராம உத்தியோகத்தர் பிரிவுகளைப் போன்ற நீண்ட பட்டியலில், மிக நீளமான பெயர் அந்தப் பதினைந்துக்கு வெளியே இருந்தால், அதற்குப் போதிய அகலம் கிடைக்காது. வேகத்துக்காகச் செய்த ஏற்பாடு இது என்பதை ஏற்றுக்கொள்கிறேன். அகலத்தை நாமே குறித்துவிட்டால் இந்தச் சிக்கல் தீர்ந்துவிடும் என்பதால், இதில் எனக்குப் பெரிய மனக்குறை இல்லை.

மனக்குறை வந்தது அண்மையில்தான். 2025 ஆகஸ்ட் 31 முதல் புதிய பதிப்புகள் அன்ட்ரொயிட் 15-ஐ, அதாவது நிரலாளர் வழக்கில் ஏபிஐ 35-ஐ, இலக்காகக் கொள்ள வேண்டும் என்று ப்ளே ஸ்டோர் விதித்ததை அடுத்து, நானும் இலக்கை உயர்த்தினேன். அந்த இலக்கில், தமிழ் உள்ளிட்ட சில எழுத்து முறைகளுக்கு அதுவரை பயன்பட்ட நெருக்கமான எழுத்துருவுக்குப் பதிலாக உயரம் கூடிய எழுத்துருவே இயல்பாக வருகிறது. வாசிப்புக்கு அது நல்லது. புள்ளியும் கொம்பும் விசிறியும் மூச்சுவிட இடம் பெறுகின்றன. ஆனால் உருட்டாமலே 11 பிரிவுகளையும் காட்டிய என் பட்டியல், சிறிய திரைகளில் கடைசிப் பெயர்களை ஒளித்துவிட்டது. ஆங்கிலப் பட்டியலைப் பார்த்தால் எதுவுமே மாறவில்லை. எலிகன்ட் டெக்ஸ்ட் ஹைட் என்ற பண்பை அணைத்துப் பழைய உயரத்துக்குத் திரும்பலாம் என்றாலும், அன்ட்ரொயிட் 16-ஐ இலக்காகக் கொள்ளும்போது அந்தப் பண்பும் பொருட்படுத்தப்படாது. தமிழுக்குச் செய்யப்பட்ட ஒரு நன்மை, தமிழ்ப் பட்டியல் வைத்திருப்பவரின் தலையிலேயே வேலையாக இறங்குவது எனக்கு வருத்தமாகவும் கோபமாகவும் இருக்கிறது.

நண்பர் ஒப்பிட்டுப் பார்க்க விரும்பும், செயலி உருவாக்குவதற்கான மற்றொரு கருவித்தொகுதியான ஃப்ளட்டரிலும் குறைகள் இல்லாமலில்லை. அதன் ட்ரொப்டவுன் பட்டனில் இஸ் எக்ஸ்பாண்டட் என்பதை இயக்காவிட்டால், நீண்ட பெயர் எல்லையைத் தாண்டி மஞ்சள் கறுப்புக் கோடுகளை வரவழைக்கும். ஆயினும் ஐட்டம் ஹைட்டுக்கு ‘நல்’ (null, மதிப்பு எதுவுமில்லை) என்று கொடுத்தால் ஒவ்வொரு வரியும் தனக்கு வேண்டிய உயரத்தைத் தானே எடுத்துக்கொள்கிறது. மூடிய நிலைக்கு வேறு தோற்றம் தர செலெக்டட் ஐட்டம் பில்டர் இருக்கிறது. நான் மேலே பாராட்டிய அதே பிரிவினை அங்கும் கிடைக்கிறது.

ஸ்பின்னரின் அடிப்படை வடிவமைப்பை இன்னமும் மதிக்கிறேன். ஓடிக்கொண்டிருக்கும் செயலியிலிருந்து அதை அகற்றும் எண்ணமும் எனக்கு இல்லை. நண்பருக்கு என் பதில், அதை எடுக்க வேண்டாம் என்பதே. ஃப்ளட்டரில் தொடங்கட்டும், மாதிரித் தரவாக ‘மூதூர்’ என்று இடாமல், ‘திருகோணமலை பட்டினமும் சூழலும்’ என்பதை இட்டு, கைத்தொலைபேசியின் எழுத்தளவை உச்சத்தில் வைத்து முதல் சோதனையைச் செய்யட்டும்.